டெய்லரம்மாவுக்கு நிற்காத வண்டி

விமானம் புறப்பட ஒரு முழுப் பகல் பாக்கி இருக்கும்போதே டைம்கீப்பர் கேட்டுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை கிடையாது. தரை துடைக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், காலைத் தூக்கும்படி ஜாடை காட்டினாள். தூக்கினார். அவள் நகர்ந்ததும் அதே இடத்தில் வைத்தார். போர்டிங் பாஸில் அச்சடித்திருந்த கேட் நம்பரையும் சுவரில் இருந்த நம்பரையும் மாற்றி மாற்றி ஒத்துப்பார்த்துவிட்டு, "வந்தாச்சு. இனிமே கவலை இல்ல" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் கவலை ஆரம்பித்தது.

டெய்லரம்மா அவருடைய மனைவி. ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், ஜன்னலோரம் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரே மகனோடு கொஞ்சநாள் இருந்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நேராகப் போகும் விமானத்தில் இடம் கிடைக்காததால், நடுவில் இந்த ஊரில் இறங்கி மாறவேண்டியதாயிற்று. காலையில் இறங்கியாயிற்று. அடுத்தது சாயங்காலம்தான். இப்படி நடுவழியில் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக விமான நிலையத்தார் ஒரு பஸ் விடுகிறார்கள் என்றும், ஊரைச் சுற்றிக் காட்டிக் கடற்கரையிலும் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்றும் மகன் சொல்லியிருந்தான். "கண்டிப்பா போயிட்டு வாம்மா" என்று கட்டிப்பிடித்துச் சொல்லி அனுப்பினான். அந்தக் கடற்கரை என்ற ஒரு வார்த்தையைத்தான் அவள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் "அடுத்த லீவுல கூட்டிட்டுப் போறேன்" என்று டைம்கீப்பர் சொன்னார். சொன்னதை அவர் மறக்கவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தவறாமல் அதையே சொன்னார். நேரம் தவறாதவர் அல்லவா?

டைம்கீப்பரைப் பற்றிச் சொல்வதென்றால் பஸ் ஸ்டாண்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும். நடுவில் ஒரு கூண்டு மாதிரி அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு மைக். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தலை நரைத்தார். எந்த ஊர் வண்டி எந்த பிளாட்பாரத்தில் நிற்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒருமுறை போட்டால் போட்டதுதான். புது டிரைவர் எவனாவது தெரியாமல் இடம் மாற்றி நிறுத்திவிட்டால், அவனை மைக்கிலேயே பெயர் சொல்லிக் கிழிப்பார். எல்லா அறிவிப்பும் முடிந்த பிறகு தன் கைச்சரக்காக ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வார்: "தாமதமாக வருபவர்களுக்காக வண்டி நிறுத்தப்படமாட்டாது." நிர்வாகம் எழுதிக்கொடுத்த வரி அல்ல அது. அவராக மனமுவந்து கொடுத்தது.

அதே சமயம் அநியாயக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. படியில் ஒரு கால் வைத்துவிட்டவரை விட்டுவிட்டு வண்டியை எடுக்கக் கூடாது. அவர் நொண்டியோ கிழமோ, ஏறி முடிக்கும்வரை டிரைவர் பொறுக்கவேண்டும். கால் வைக்காதவர் பயணியே அல்ல, தெருவில் போகிறவர். கண்டக்டர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடத்தை அவர்தான் எடுத்தார். இது மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு ஆள், பின்சந்தில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த டெய்லரம்மா. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. வீட்டில் அவர் அவளோடு பேசியதைவிட அந்தக் குழாய் வழியாகப் பேசியதுதான் அதிகம்.

ரிட்டயரான பிறகு மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. வீடு அமைதியாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய், ஒலிபெருக்கிக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டார். காதுக்குப் பக்கத்தில் ஊர் பெயராகக் கொட்டும். அவர் அசைய மாட்டார். ஆயுள் முழுக்க அறிவிப்புக் கொடுத்தவருக்கு, அறிவிப்பு என்பது மற்றவர்கள் கேட்கவேண்டிய சமாச்சாரம்.

இப்போது அந்தக் கதையைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் டைம்கீப்பர் இல்லை.

மகன் சின்னப்பிள்ளையாக இருந்த காலம். ஒருநாள் முற்பகல் பஸ் ஸ்டாண்ட் போனில் டெய்லரம்மாவின் அண்ணன் பேசினான். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, பேச்சு இருக்கும்போதே வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றான். டைம்கீப்பர் உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பி, அடுத்த வண்டிக்கே கிளம்பச் சொன்னார். அவள் போட்டது போட்டபடி கிளம்பினாள். ஒரே ஒரு காரியத்தை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பினாள். மத்தியானம் அவர் பட்டினி கிடக்கக்கூடாதே என்று சாப்பாட்டை டிபன் கேரியரில் அடுக்கி மூடி வைத்தாள். அந்த நேரம்தான் இடித்தது. ஒரு கையில் பையும் ஒரு கையில் பிள்ளையுமாக அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி வருவதைக் கூண்டுக்குள்ளிருந்து டைம்கீப்பர் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். விசிலை ஊதினார். அவள் விரல் பின்படிக் கம்பியைத் தொட்டது. கால் படியைத் தொடவில்லை.

அடுத்த வண்டியில் அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை. ராத்திரிக்குள் உயிரும் போய்விட்டது. எல்லாம் முடிந்து அவள் வீடு திரும்பியபோது டிபன் கேரியர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அவள் கேரியரை நிமிர்த்தி அலமாரியில் வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

ஊர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. சொந்தப் பெண்டாட்டிக்கே வண்டியை நிறுத்தாத மனுஷன் என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். மேலதிகாரி வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். முதலில் மற்றவர்கள் சொன்னார்கள், பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. டெய்லரம்மா ஓடிய ஓட்டம் நீண்டது, விசில் சத்தம் கூடியது. ஒன்று மட்டும் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று. "இவ எங்கேயோ ஊருக்குப் போறேன்னு வந்தா" என்பார். அந்த 'எங்கேயோ'வுக்குள் அவளுடைய அப்பா படுத்துக்கிடந்தார்.

போன வாரம்கூட மகன் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அவனுடைய ஆபீஸ்காரர்களிடம் இதே கதையை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பிள்ளைதான், இன்றைக்கு அதை வேற்று மொழியில் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தான். வந்தவர்கள் கைதட்டினார்கள். டெய்லரம்மா சமையலறைத் திரைச்சீலையின் அடிமடிப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் அவள் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? வெளிய போயி, வழி தெரியாம மாட்டி, ப்ளேனை விட்டுட்டு நிக்கணுமா?"

"சாயங்காலம்தானே ப்ளேனு. அவங்களே கூட்டிட்டுப் போயி, அவங்களே கொண்டுவந்து விடுவாங்களாம்."

"சொல்லுவாங்க. உலகத்துல எல்லாரும் நேரத்துக்கு வர்றவனா? நம்ம எடத்தை நாம புடிச்சு உக்காந்துக்கணும். அதுதான் புத்திசாலித்தனம்."

"எடத்தை யாருங்க தூக்கிட்டுப் போகப்போறாங்க? சீட்டு நம்பர் போட்டிருக்கே."

அவருக்குக் கோபம் வந்தது. "போறதுன்னா போ. ஆனா ஒண்ணு. நீ நேரத்துக்கு வரலைன்னா நான் பாட்டுக்கு ஏறிப் போயிடுவேன். எம்பொண்டாட்டிக்காக ப்ளேனை நிறுத்துங்கன்னு எவன்கிட்டயும் போயி பல்லை இளிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள் டெய்லரம்மா. "எழுந்து வழிவிடுங்க."

அவர் கைப்பையைத் திறந்து, அவளுடைய பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் தனியாகப் பிரித்து, அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய காகிதம் எதுவும் அவள் கையில் இருந்ததில்லை. அவற்றை வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டபோது பை கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. ரொட்டிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பழக்கதோஷம்.

மஞ்சள் கொடி பிடித்த ஒரு பெண்தான் வழிகாட்டி. அவள் பேசியது டெய்லரம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. கொடி புரிந்தது, போதாதா? கொடி போன பக்கம் எல்லோரோடும் போனாள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள், ஒரு கதவு தானாகத் திறந்தது, வெளியே வெயில் அடித்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் இத்தனை வருஷம்.

பஸ் ஊருக்குள் போயிற்று. மற்றவர்கள் அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்தார்கள். டெய்லரம்மா தெருவில் போகிறவர்களின் சட்டையைப் பார்த்தாள். தோள்பட்டை வெட்டு நன்றாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடை மடிப்பு கோணலாக ஓடியதைப் பார்த்து, எந்த ஊர் டெய்லரும் ஒன்றுதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒரு கடைத்தெருவில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு கணவன் மனைவி வந்து சேரவில்லை. டிரைவர் கழுத்தை நீட்டித் தெருவைப் பார்த்தார், பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். டெய்லரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விசில் ஊத ஆள் இல்லையா? கேட்பார் மேய்ப்பார் இல்லையா? அவளுக்கே இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிவிடலாம்போல இருந்தது. அந்த ஜோடி ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு ஆடி அசைந்து வந்தது. டிரைவர் என்னவோ கேலி செய்தார், பஸ்ஸே சிரித்தது. ஒருவர்கூடத் திட்டவில்லை. இப்படியும் ஒரு பிழைப்பு உண்டா என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு கடல் வந்தது.

கடலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். அலை திரும்பும்போது காலுக்கடியில் இருந்த மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு தடவையும் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள், ஒவ்வொரு தடவையும் விழவில்லை. இந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இன்னொன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று நின்றுகொண்டே இருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். வேறு வார்த்தை தேடவேண்டியதில்லை.

திரும்பிப் பார்த்தபோது கரையில் மஞ்சள் கொடி இல்லை. கூட வந்தவர்கள் ஒருவரும் இல்லை.

ஓடினாள். மணலில் ஓட வரவில்லை, ஆனாலும் ஓடினாள். ஒரு கையில் பை, ஒரு கையில் செருப்பு, ஈரப்புடவை காலைத் தடுக்கியது. கால்களுக்கு இந்த ஓட்டம் பழக்கமானதுதான். விசில் எந்த நிமிஷமும் வரும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது.

பஸ் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. கொடிக்காரப் பெண் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, நிதானமாக வா என்று கையைக் காட்டினாள். டெய்லரம்மா ஏறியதும் தெரிந்த ஒரே ஆங்கிலத்தில் "சாரி, சாரி" என்று கும்பிட்டாள். டிரைவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கால் துடைத்துக்கொள்ளப் படித்து முடித்த செய்தித்தாளைக் கொடுத்தார்.

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். அடக்கவே முடியவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரி பதறிப்போய்க் காகிதக் கைக்குட்டைகளாக எடுத்துக்கொடுத்தாள். முழங்காலில் அடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். வண்டி நின்றதற்காக ஒருத்தி அழுகிறாள் என்று யாருக்குத் தோன்றும்?

அவள் தாமதத்தோடு சாலை நெரிசலும் சேர்ந்துகொள்ள, விமான நிலையத்துக்கு வந்தபோது நேரம் கழுத்தைப் பிடித்தது. கொடிக்காரப் பெண் அவளுடைய போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்தாள், தலைக்கு மேல் இருந்த பெரிய திரையைப் பார்த்தாள், "கேட் சேஞ்ச்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து நேர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள். டெய்லரம்மாவுக்குத் தன் வீட்டுக்காரரைப் பற்றித் துளியும் கவலையில்லை. கேட் மாறியதை உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டவர் அவராகத்தான் இருப்பார். வரிசையின் தலையில் நின்று, 'நான் அப்பவே சொன்னேன்' என்ற முகத்தை இஸ்திரி போட்டு வைத்திருப்பார். அதற்குத் தகுந்த பதிலைத்தான் அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

புது கேட்டில் வரிசை இல்லை. எல்லோரும் ஏறியாயிற்று. சீருடைப் பெண் ஒருத்தி மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தாள். காதைத் தீட்டிக் கேட்ட பிறகுதான் அது யார் பெயர் என்று டெய்லரம்மாவுக்கு விளங்கியது. பாஸ்போர்ட்டில் கடைசியாக இருக்கும் பெயரை அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது டைம்கீப்பருடைய அப்பாவின் பெயர். செத்துப் பல வருஷமான மாமனாரை, உடனே வந்து விமானத்தில் ஏறும்படி ஊரறிய வேண்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர் எங்கிருந்து வருவார்?

"யுவர் ஹஸ்பெண்ட்?" என்றாள் சீருடைப் பெண். டெய்லரம்மா தலையை ஆட்டினாள். பெண் கடிகாரத்தைக் காட்டினாள், கதவைக் காட்டினாள். நீங்கள் போங்கள், அவர் நாளைக்கு வரட்டும், யாருக்காகவும் நிறுத்த முடியாது என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் டெய்லரம்மாவுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அதைத்தானே ஜன்னலோரம் உட்கார்ந்து ஆயுசு முழுக்கக் கேட்டாள்.

அவர் எங்கே இருப்பார் என்பதும் அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. பழைய கேட்டில், பழைய நாற்காலியில், கைப்பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒலிபெருக்கிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருப்பார். அது கட்டடத்தின் மறுகோடி. அவள் போய் எழுப்பிக்கொண்டு வருவதற்குள் இருவருக்குமே விமானம் போய்விடும்.

தனியாக ஏறிப் போய்விடலாம். உள்ளதைச் சொன்னால், அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. கோடை நாளில் மோர் குடித்த மாதிரி உள்ளே குளுகுளுவென்று இறங்கியது. ஒரு ராத்திரி உட்காரட்டும். தாமதமாக வருபவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். ஊரில் போய்ச் சொல்ல அவளுக்கும் ஒரு கதை கிடைக்கும். அந்தக் கடற்கரை பஸ் டிரைவர் மட்டும் அன்று நிற்காமல் போயிருந்தால், டெய்லரம்மா ஏறிப் போயேபோயிருப்பாள்.

"அதை இப்படிக் குடும்மா" என்று மைக்குக்குக் கையை நீட்டினாள்.

கொடுக்கக்கூடாதுதான். ஆனால் ஆள் வராவிட்டால் அவருடைய பெட்டியை விமானத்தின் வயிற்றிலிருந்து தேடி எடுத்து வெளியே போடவேண்டும். அந்த வேலைக்கு இதுவே மேல் என்று நினைத்தாளோ என்னவோ, பெண் கொடுத்துவிட்டாள்.

டெய்லரம்மா மைக்கை வாயருகே கொண்டுபோய்க் கூப்பிட்டாள்.

"என்னங்க!"

அந்தப் பெரிய கட்டடத்தின் கூரையெல்லாம் அது போய் மோதியது. ஐந்தாறு இடத்தில் ஐந்தாறு ஆண்கள் விருட்டென்று எழுந்து நின்றார்கள். ஒருவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து "என்ன?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் கூப்பிடலையே" என்றாள் அவள்.

"என்னங்க, நான்தான் பேசறேன். எழுந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கிற எடத்துல வண்டி இல்ல. பிளாட்பாரம் மாத்திட்டாங்க." கொடிக்காரப் பெண் விரலை விரித்துக் காட்டிய கேட் நம்பரைத் தப்பில்லாமல் சொன்னாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டாள். "தாமதமா வர்றவங்களுக்காக வண்டியை நிறுத்த மாட்டாங்களாம். நான் நிறுத்தி வெக்கிறேன். ஓடி வாங்க."

மறுகோடியில் டைம்கீப்பர் கண்ணைத் திறந்தார். எத்தனையோ அறிவிப்பு, அவரைப் பெற்றவர் பெயர் உட்பட, அவர் தலைக்கு மேலே ஓடி முடிந்திருந்தது. எதுவும் அவரைத் தொடவில்லை. 'என்னங்க' மட்டும் நேராக உள்ளே இறங்கியது. வீட்டில் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாராம். எதிரே தன் கேட்டில், யார் யாரோ வேறு எந்த ஊருக்கோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே டெய்லரம்மா மைக்கைக் கொடுத்துவிட்டு, கூண்டுப் பாதை வழியாக விமானத்தின் வாசலுக்குப் போனாள். உள்ளே போகவில்லை. விமானத்துக்குள் ஒரு கால், வெளியே பாதையில் ஒரு கால் என்று வைத்து, கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பணிப்பெண் உட்காரச் சொன்னாள். டெய்லரம்மா சிரித்தாள். இன்னொரு பணிப்பெண் வந்து கும்பிட்டாள். இவளும் பதிலுக்குக் கும்பிட்டாள், காலை எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். விமானம் ஓட்டுகிறவரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "படியில கால் வெச்சாச்சு தம்பி. இனிமே எடுக்கக்கூடாது, ரூலு" என்று அவருக்குத் தெளிவாகத் தமிழில் எடுத்துச் சொன்னாள். அவருக்கு என்ன விளங்கியதோ, கையைக் கட்டிக்கொண்டு அவரும் பாதையைப் பார்த்தபடி நின்றார்.

டைம்கீப்பர் வந்தார். ஒரு கையில் கைப்பை, ஒரு கையில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம், ஒரு காலில் மட்டும் செருப்பு. இத்தனை வயதில் அவர் ஒரு வண்டிக்காக ஓடி வருவதை முதல்முறையாகப் பார்த்தாள். ஓடத் தெரியவில்லை அவருக்கு. முட்டி மடங்காமல் தத்தக்கா பித்தக்கா என்று வந்தார். வந்து, வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருந்த அவள் கால்களைப் பார்த்தார். அவருக்கா தெரியாது?

அவள் காலை எடுத்து அவருக்கு வழிவிட்டாள்.

இடத்தில் உட்கார்ந்து மூச்சு சமனப்பட்டதும் முதல் வேலையாகத் திட்டினார். "பிளாட்பாரத்தை மாத்தினா முன்கூட்டியே சொல்ல வேணாமா? ஒரு அறிவிப்பு உண்டா, ஒண்ணு உண்டா? என்ன நிர்வாகம் பண்றானுங்க!" டெய்லரம்மா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். பசித்திருந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

விமானம் மேலே கிளம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. ஜன்னலில் கடல் தெரிந்தது, அவள் நின்ற கரைகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. புடவையின் ஓரம் இன்னும் காயவில்லை. அவள் அதைக் கையில் பிடித்தபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எவ்வளவு பெரிய வண்டி."

"என்ன?"

"நிறுத்தினா நிக்குதுங்க."

டைம்கீப்பர் வாயில் இருந்ததை விழுங்கினார். ஏற்கெனவே போட்டிருந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாப்பிட்ட பாதி ரொட்டி கையிலேயே இருந்தது.

"அன்னிக்கு உங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இத்தனை வருஷமாக அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. "எதுவரைக்கும் பேசிக்கிட்டிருந்தாரு?"

டெய்லரம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை. தைக்கக் கொடுத்தவர்களுக்கு அளவு சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"நீங்க விசிலடிச்சு அனுப்பின வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சாம். அண்ணன் போயி நின்னு, எறங்கினவங்களை எல்லாம் பாத்துட்டுத் தனியா வீட்டுக்கு வந்திருக்கான். அதுக்கப்பறமும் அப்பா ரொம்ப நேரம் பேசிக்கிட்டுத்தான் இருந்தாராம்."